பின்னால் இன்ஜின், முன்னால் சூனியம்

எனக்குக் கார் ஓட்டத் தெரியாது என்ற உண்மையை, ராயபுரத்தில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த பிறகுதான் கண்டுபிடித்தேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. ஒரு டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்கிற டீச்சர் நான்தான். கூலிங் கிளாஸ், கழுத்தில் ஒரு விசில் (எதற்கு விசில் என்று இன்றைக்கும் தெரியாது), நடக்கும்போது ஒரு மிதப்பு. வருகிற அக்காமார்களுக்கெல்லாம் நான் ஓதியது ஒரே வேதம்தான். "பயமா இருந்தா ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்துடுங்க. வண்டி தானா அடங்கிடும்." இந்த வேதம் எல்லா வண்டிக்கும் செல்லாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வந்த ஒரே மனிதரையும் நான் பேச விடவில்லை.

அவர் தங்கபாண்டி அங்கிள். நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட செந்திலின் அப்பா. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, கயிறும் தார்ப்பாயும் மொத்த வியாபாரம் செய்கிறவர். அவர்கள் கோவிலுக்குப் போகிறவர்கள், நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். அதனால் எங்கள் கல்யாணத்தைப் பற்றி மூன்று வருஷமாக "யோசிக்கேன்" என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தார். ஒருவழியாக யோசித்து முடித்து, ஞாயிற்றுக்கிழமை பெண் கேட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் சுவருக்கு வெள்ளையெல்லாம் அடித்தாகிவிட்டது. வியாழக்கிழமை அவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்து வலது கையில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில் நானும் அம்மாவும் ஆப்பிள், சாத்துக்குடியோடு பார்க்கப் போயிருந்தபோதுதான் அந்த போன் வந்தது. எண்ணூரில் இருக்கும் மெக்கானிக் பேசினார். வங்காள விரிகுடாவில் புயல் சின்னம், மழை பிடித்தால் அவர் ஷெட்டுக்குள் தண்ணீர் வந்துவிடும், காரை உடனே எடுத்துக்கொண்டு போங்கள் என்றார்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்லவேண்டும். என் வயதைவிடக் கூடுதல் வயதான ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் கார். புளிக்கரைசல் நிறம், தவளை முகம். இரண்டு பேர் உட்காரலாம், மூன்றாவது ஆளை மடித்துத்தான் வைக்கவேண்டும். அங்கிள் வாழ்க்கையில் செய்த ஒரே ஊதாரித்தனம் அது. செந்திலுக்கு அதைத் தொடவே பயம். அவன் ஸ்கூட்டரையே பிரார்த்தனையோடு ஓட்டுகிறவன்.

"நான் போய் எடுத்துட்டு வரேன் அங்கிள்" என்றேன். வருங்கால மாமனாரிடம் பந்தா காட்ட இதைவிட நல்ல வாய்ப்பு வருமா?

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். "ஏம்மா, அது மத்த வண்டி மாதிரி கிடையாது. மழையில பாத்துப் போவணும். வளைவுல நொழைஞ்ச பெறவு..."

"அங்கிள், நானே டீச்சர். எனக்கே பாடமா?"

அவர் மாவுக்கட்டைத் தடவிக்கொண்டார். பிறகு சாவியைக் கொடுத்தார். "சரி. வண்டி கீறல் இல்லாம வீடு வந்து சேரட்டும். ஞாயித்துக்கிழமை நானும் ஒங்க வீட்டுக்கு வாரேன்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் எனக்குக் கணக்கு புரிந்துவிட்டது. கார் வந்தால் கல்யாணம் வரும்.

அம்மாவும் கூடக் கிளம்பினாள். "கண்ணாலம் ஆவாத பொண்ணு, மாப்ள வூட்டு வண்டியில ஒண்டியா போவக்கூடாது" என்பது அவள் சொன்ன காரணம். தவளை மூஞ்சிக் காரில் ராயபுரத்துக்குள் வந்து இறங்குவதை ஜெபக்குழுப் பெண்கள் பார்க்கவேண்டும் என்பது சொல்லாத காரணம். (அம்மா பெயர் பிலோமினா. எங்கள் தெரு ஜெபக்குழுவின் தலைவி. ஜெபம் தெரிந்த அளவுக்குப் பேய், பிசாசு, ஏவல், செய்வினை எல்லாம் தெரியும். எதிரியைத் தெரிந்து வைத்துக்கொள்ளவேண்டும் என்பாள்.)

நாங்கள் எண்ணூர் போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி. ஆனால் வானம் சாயங்காலம் போல இருட்டியிருந்தது. அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் பாதிவரைதான் தெரிந்தன, மேல்பாதியை மேகம் விழுங்கியிருந்தது. மெக்கானிக் சாவியை வாங்கி வண்டியைக் கிளப்பி வெளியே நிறுத்திவிட்டு, கம்ப்ரஸரைக் காப்பாற்ற உள்ளே ஓடிவிட்டார்.

அம்மா வழியில் நெத்திலிக் கருவாடு வாங்கியிருந்தாள். அந்த வாசத்தோடு மாப்பிள்ளை வீட்டு சீட்டில் உட்காரலாமா? "டிக்கில போடு" என்றாள். பின்னால் திறந்தேன். அங்கே இன்ஜின் இருந்தது.

"இன்னாடி, இஞ்சின் பின்னால கீது?"

"ஸ்போர்ட்ஸ் கார்மா. அப்படித்தான் இருக்கும்" என்று எனக்கே அப்போதுதான் தெரிந்ததை நெடுநாள் தெரிந்த மாதிரி சொன்னேன். அப்படியானால் டிக்கி முன்னால் இருக்கவேண்டும். முன்பக்க மூடியைத் தூக்கினேன்.

உள்ளே ஒரு மூட்டை இருந்தது.

ஒரு குழந்தை குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிற அளவு. அடர்சிவப்புச் சேலையில் சுற்றி, தேங்காய்நார்க் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்தது. கயிற்றின் பிரிந்த நுனிகள் ஈரக்காற்றில் தலைமுடி போல அசைந்தன. உச்சியில் குங்குமம். அதன்மேல் காய்ந்து கறுத்துச் சுண்டைக்காயாகச் சுருங்கிய ஒரு எலுமிச்சம்பழம், கூடவே நூலில் கோத்த சிவப்பு மிளகாய்கள். பீரோவுக்குள் வைக்கிற அந்துருண்டை வாசம் குப்பென்று வந்தது.

அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். "இயேசுவே. இது செய்வினை."

"அம்மா, சும்மா இரு."

"நீ சும்மா இரு. அந்த மனுசன் பாத்ரூம்ல ஏன் வுழுந்தாரு? செந்திலோட அத்தைக்காரி தன் பொண்ணை அவனுக்குக் குடுக்கணும்னு அலைஞ்சிகினு இருந்தாளே, அவ வெச்சிக்கீறா. இந்தக் கண்ணாலம் நடக்கக்கூடாது, அவ்ளோதான். முதல்ல அவரு கை. அடுத்தது நாம."

"அங்கிளுக்கு போன் பண்ணிக் கேட்கலாமே."

"இன்னான்னு கேப்ப? ஒங்க வண்டியில சூனியம் கீதுன்னா? பொண்ணு வூட்டுக்காரங்க பேசற பேச்சா அது?"

இந்த இடத்தில் நான் படித்தவளாக நடந்துகொண்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. இல்லை. நானும் மூட்டையைவிட்டு இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டேன். மூன்று வருஷம் காத்திருந்து கிடைத்த ஞாயிற்றுக்கிழமையை ஒரு எலுமிச்சம்பழம் பிடுங்கிக்கொள்ளப் பார்க்கிறது என்று தோன்றியது.

அம்மாவிடம் பரிகாரம் தயாராக இருந்தது. ஆறும் கடலும் கலக்கிற இடத்தில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வந்துவிடவேண்டும். அப்படி ஒரு இடம் ஐந்து நிமிஷத் தூரத்திலேயே இருந்தது. முகத்துவாரக்குப்பம்.

ஒரு சிப்பம் அரிசிக்கு மேலேயே கனம் இருந்தது அந்த மூட்டை. காரைக் கரையில் நிறுத்தி, ஆளுக்கொரு முனையில் கயிற்றைப் பிடித்துத் தண்ணீர்வரை இழுத்துப் போனோம். சாம்பல் நிறத் தண்ணீர், சாம்பல் நிற வானம், நடுவில் அந்தச் சிவப்பு மட்டும்தான் நிறம். கண்ணுக்கெட்டியவரை ஆள் இல்லை (என்று நினைத்தோம்). முழங்கால் தண்ணீரில் இறக்கித் தள்ளினோம். அது உடனே மூழ்கவில்லை. சேலை மட்டும் காற்றில் உப்பி மேலே எழும்பி, எங்கள் பக்கம் ஒருமுறை திரும்பி, பிறகுதான் உள்ளே போனது. அம்மா என் கழுத்தைப் பிடித்து முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பினாள். ஓடிவந்து காரில் ஏறினோம். கதவைச் சாத்தியதும் மழை கொட்ட ஆரம்பித்தது.

முதல் நூறு மீட்டரிலேயே ஸ்டீயரிங்கில் ஏதோ மாறிவிட்டது. வரும்போது கையில் கொஞ்சம் கனம் இருந்தது. இப்போது ஒன்றுமே இல்லை. மறுமுனையில் பிடித்துக்கொண்டிருந்த யாரோ விட்டுவிட்டுப் போன மாதிரி இருந்தது. பள்ளத்துத் தண்ணீர்மேல் முன்பக்கம் மிதந்து மிதந்து இறங்கியது. முதல் மழை, சாம்பல் தூள், கண்டெய்னர் லாரிகள் சிந்திய டீசல் மூன்றும் சேர்ந்து ரோட்டில் சோப்புக் குழம்பாக இருந்தது. இன்ஜின் சத்தம் பின்னாலிருந்து வந்ததால் யாரோ விடாமல் துரத்திக்கொண்டு வருவது போலவே கேட்டது. அம்மா அடிக்கடி பின்னால் திரும்பப் போய், திரும்பக்கூடாது என்பது நினைவுக்கு வந்து, கழுத்தை இழுத்துக்கொண்டாள்.

அப்போதுதான் தட்டுகிற சத்தம் கேட்டது. டக். டக். டக். முன்னாலிருந்து. காலியான டிக்கிக்குள்ளிருந்து.

"கேக்குதா?" என்றாள் அம்மா, மெதுவாக.

கேட்டது. வேகத்தைக் குறைத்தால் அதுவும் குறைந்தது. கூட்டினால் அதுவும் அவசரப்பட்டது. காருக்குள் அந்துருண்டை வாசம் இன்னும் இருந்தது. பக்கத்து ஜன்னல்களில் ஆவி படிந்து அந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை.

கடலோரமாக ரோடு வலது பக்கம் வளைகிற இடம். ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். கார் திரும்பவில்லை. கைகள் வலப்பக்கம், கார் நேராகக் கடல் பக்கம். பயந்தால் என்ன செய்யவேண்டும்? எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்! ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தேன்.

பின்பக்கம் எழுந்து வந்து எங்களை முந்திக்கொண்டு போனது. அப்படித்தான் சொல்லமுடியும். கடல், லாரி வரிசை, புகைபோக்கி, மறுபடி கடல் என்று எல்லாம் முன்கண்ணாடியில் வரிசையாகப் போயின. சத்தமே இல்லை. பிறகு கார் நின்றது. கீறல் இல்லை. இன்ஜின் அணைந்திருந்தது. எந்த வழியாக வந்தோமோ அந்த வழியைப் பார்த்து, முகத்துவாரத்தைப் பார்த்து, கார் நின்றுகொண்டிருந்தது.

"திரும்பிப் பாக்கக்கூடாதுன்னு சொன்னேன்ல?" என்றாள் அம்மா.

"நான் பாக்கலைமா. கார்தான் பாக்குது."

மெதுவாகத் திருப்பி மறுபடி கிளம்பினேன். இந்த முறை நாற்பதுக்கு மேல் போகவில்லை. அடுத்த வளைவுக்குள் நுழைந்ததும் முன்பக்கம் மறுபடி நழுவுகிற மாதிரி இருந்தது. இந்த முறை பிரேக்கையே மிதித்துவிட்டேன். அவ்வளவுதான். மறுபடி அந்தச் சத்தமில்லாத சுற்று. ஆனால் இந்த முறை எதிரே ஒரு கண்டெய்னர் லாரி வந்துகொண்டிருந்தது. அதன் ஹாரன் மட்டும் நீளமாகக் கேட்டது. நாங்கள் சுற்றிக்கொண்டே ரோட்டோர மணலில் போய் விழ, லாரி எங்கள் மூக்குக்கு முன்னால் போனது. அதன் காற்றில் கார் ஆடியது.

அந்த நிமிஷத்தில் கல்யாணம், ஞாயிற்றுக்கிழமை எதுவும் எனக்கு நினைவில் இல்லை. அம்மாவைக் கொன்றிருப்பேன் என்பது மட்டும்தான் தெரிந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் ஜெபமாலையைக்கூட எடுக்காமல் என் கையைத் தடவிக்கொண்டே இருந்தாள். கண்ணாடியில் வைப்பர் ஒருமுறை ஓடியது. நேர் எதிரே, மழைக்குள், மறுபடியும் முகத்துவாரம் இருந்த திசை.

செந்திலுக்கு போன் செய்தேன். அவன் நான் அழுவதைக் கேட்டதும் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டான் (இந்த வீரத்துக்காகவே அவனைக் கட்டிக்கொண்டேன்).

"அடி எதுவும் படலியே? அம்மைக்கு?" என்றார் அங்கிள் முதலில். காரைப் பற்றிக் கேட்கவே இல்லை. "அழாத. கேளு. அந்த வண்டியில கனம் மொத்தமும் பின்னால தொங்குது. வளைவுல காலை எடுத்தாலும் பிரேக்கு போட்டாலும் கனம் முன்னால சாயும், பின்சக்கரம் பிடியை விட்டுரும், பின்பக்கம் முந்திக்கிட்டு வந்துரும். வேகத்தையெல்லாம் நேர்ரோட்டுலயே கொறச்சிரணும். வளைவுக்குள்ள போன பெறவு பிரேக்கைத் தொடாத. ஆக்சிலரேட்டரை லேசா, ஒரே சீரா மிதிச்சிக்கிட்டே போ. ஸ்டீயரிங்கை வெடுக்குன்னு திருப்பாத. எவ்வளவு பயந்தாலும் காலை எடுக்காத. சரியா?"

"சரி அங்கிள்."

"முன்னால எடைக்கு ஒரு மணல்மூட்டை கெடக்குல்லா? அது கெடக்கவரைக்கும் முன்சக்கரம் ரோட்டைப் பிடிச்சுக்கிடும். பயப்படாத."

மணல்மூட்டை. எனக்குக் காதுக்குள் கடல் இரைந்தது. மூட்டை இருந்த இடத்தில் அது அமுக்கிப் பிடித்திருந்த ஜாக்கிதான் இப்போது உருண்டு உருண்டு தட்டிக்கொண்டிருக்கிறது என்பதும் சேர்ந்தே விளங்கியது.

"கெடக்குல்லா?" என்றார் மறுபடி.

"இருக்கு அங்கிள்" என்றேன். என் வாழ்க்கையில் சொன்ன பொய்களிலேயே கனமான பொய் அதுதான்.

போனை வைத்துவிட்டு அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, மழைக்குள்ளிருந்து ஒரு லோடு ஆட்டோ வந்து எங்களுக்கு எதிரே நின்றது. நைட்டிமேல் துண்டு போட்ட ஒரு அக்கா இறங்கினாள். பின்னால் இரண்டு ஆண்கள், தோளில் எதையோ தூக்கிக்கொண்டு வந்தார்கள். தண்ணீர் சொட்டச் சொட்ட, பாசி தொங்கத் தொங்க, சிவப்பாக.

அம்மா "மாதாவே" என்று சீட்டுக்குக் கீழே சரிந்தாள்.

அந்த அக்கா ஜன்னலைத் தட்டினாள். "யம்மா, நீங்கதான சேப்பு மூட்டையைப் போட்டுட்டு ஓடியாந்தது? எங்க ஆளு வலையில ஏறிக்கிது. வலையே கிழிஞ்சிருக்கும். இன்னா நென்ச்சிகினு கீறீங்க? சாம்பல கொண்டாந்து எங்க தண்ணில கொட்றான். எண்ணெய கொட்றான். சுடுதண்ணிய வுடறான். இப்ப நீங்க ஒங்க சூனியத்தையும் கொண்டாந்து எங்களாண்டயே போடறீங்களா? நாங்க இன்னா குப்பத்தொட்டியா?"

அவள் கேட்டதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. இறங்கி மழையில் நனைந்துகொண்டு மன்னிப்புக் கேட்டேன், அது சூனியம் இல்லை, மணல்தான் என்று சொல்லிப் பார்த்தேன்.

"மணலா? கடல்ல போடறதுக்கா மணல் எடுத்துகினு வந்த?" என்றாள் அவள். அந்த ஆண்கள் மூட்டையை அதன் பழைய இடத்தில் பொத்தென்று போட்டார்கள். காரின் மூக்கு ஒரு அங்குலம் தாழ்ந்தது. அதைக் கண்ணால் பார்த்தேன்.

அதற்குப் பிறகு ராயபுரம்வரை கார் ஒரு பசுமாடு போல வந்தது. தட்டல் நின்றுவிட்டது. நேர்ரோட்டில் வேகத்தைக் குறைத்தேன். வளைவில் பல்லைக் கடித்துக்கொண்டு காலை அசைக்காமல் வைத்திருந்தேன். நனைந்த மூட்டையின் எடையும் அங்கிள் சொன்ன பாடமும்தான் காரணம் என்று எனக்குத் தெரியும். அம்மா மட்டும் வழி முழுக்க முன்பக்க மூடியையே பார்த்துக்கொண்டு வந்தாள். "அது உள்ள இருந்தாத்தான் ஒழுங்கா போவுது" என்றாள்.

செந்தில் வீட்டு வாசலிலேயே அங்கிள் நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்தார், காரைச் சுற்றிப் பார்த்தார், பிறகு இடக்கையால் முன்மூடியைத் திறந்தார். மூட்டையிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. எலுமிச்சம்பழத்தைக் காணோம். சேலை மடிப்பில் ஒரு சின்ன நண்டு நகர்ந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மாவே சொல்லிவிட்டாள், ஆரம்பத்திலிருந்து ஒன்றுவிடாமல், அத்தைக்காரி பகுதி உட்பட. "புத்தி கெட்டுப் போய் செஞ்சது நான் அண்ணே. பொண்ணு மேல தப்பில்ல."

அங்கிள் ஈரச் சேலையின்மேல் கையை வைத்தார். "இது செந்திலோட அம்மை கெட்டினது" என்றார். "நான் மழையில இந்த வண்டிய எடுத்தா அவளுக்கு ஆவாது. வருஷா வருஷம் ஐப்பசி பொறந்தா புதுமணல் நெரப்பி, அவ பழைய சீலையைச் சுத்தி, திருஷ்டிக்குப் பழமும் மொளகாயும் வச்சு, அவளே கெட்டி வைப்பா. இது கடைசியா கெட்டினது. அவ போயி மூணு ஐப்பசி ஆச்சு. நான் அவுக்கவே இல்ல."

மூன்று வருஷமாக அவர் எதை யோசித்துக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் உறைத்தது. கூடச் சேர்ந்து முடிவெடுக்க ஆள் இல்லாமல் தனியாக உட்கார்ந்து யோசித்திருக்கிறார். நாங்கள் அந்த ஆளின் கடைசிக் கைவேலையைப் போய்த் தண்ணீரில் தள்ளிவிட்டு வந்திருக்கிறோம். கல்யாணம் போயிற்று, அதுவும் நியாயம்தான் என்று நினைத்தேன்.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணே, நான் ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதீங்க. அவங்க இல்லாம வந்தப்ப ரெண்டு வாட்டி சாவறதுக்குப் பாத்தோம். ரெண்டு வாட்டியும் வண்டி அவங்க கீற பக்கமாவே திரும்பி நின்னுகிச்சு. அப்புறம் வலையில ஏறி அவங்களே வந்தாங்க. ஒங்க மருமவள வூட்டாண்ட வரைக்கும் இட்டாந்து வுட்டாங்க. அவங்களுக்குச் சம்மதம் அண்ணே."

அங்கிள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் நினைத்தோம். திரும்பியபோது அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே இருந்தன.

"ஞாயித்துக்கிழமை எத்தன மணிக்கு வரணும்?" என்றார்.

எங்கள் கல்யாணத்துக்குத் தூத்துக்குடியிலிருந்து ஒரு பஸ் நிறையச் சொந்தக்காரர்கள் வந்தார்கள். மாமனார் ஒவ்வொருவரையும் அம்மாவிடம் அழைத்து வந்து, முகத்தைக் கொஞ்சமும் மாற்றாமல் அறிமுகம் செய்துவைத்தார்: "இவங்கதான் எங்க சம்பந்தியம்மா. எம் பொஞ்சாதிய எண்ணூருல தண்ணிக்குள்ள தள்ளி விட்டது இவங்கதான்."

வந்தவர்கள் பதறிப்போய் அம்மாவைப் பார்ப்பார்கள். அம்மா தாம்பூலத் தட்டை நீட்டிக்கொண்டே அமைதியாகச் சொல்வாள். "ஆமாங்க. அரை மணி நேரத்துல திரும்பி வந்துட்டாங்க."

இன்றைக்கும் எங்கள் வீட்டு விசேஷங்களில் இந்த இரண்டு வரியும் சொல்லப்படாமல் பந்தி தொடங்காது. கதை தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். தெரியாதவர்கள் இலையைத் தூக்கிக்கொண்டு, அம்மாவிடமிருந்து இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்காருவார்கள்.